அது திமிரு இல்ல, பார்டர்லைன்

எங்க வியாசர்பாடி பக்கம் ஒரு பொண்ணு சட்டுனு கத்துனா, தன்னையே காயப்படுத்திக்கிட்டா "சீன் போடுறா"ன்னு சொல்லிட்டு போயிடுறாங்க, கேக்கவே வயிறு எரியுது. பார்டர்லைன் பர்சனாலிட்டின்றது நெஜமான மனநோவு, எல்லாரும் நம்மள விட்டுட்டு போயிடுவாங்களோன்ற பயம்தான் அதுல பெருசு, அந்த பயம்தான் கோவமா வெளிய வருது. இதுக்கு டிபிடின்ற (டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி) பேச்சு சிகிச்சைய உண்டாக்குன அமெரிக்க சைக்காலஜிஸ்ட் மார்ஷா லினஹன், தானும் சின்ன வயசுல இப்படி அவஸ்தைப்பட்டு ஆஸ்பத்திரில கெடந்தவதான்னு 2011ல வெளிப்படையா சொன்னாங்க, எவ்ளோ தைரியம்! உன்ன நீ அப்படியே ஏத்துக்கோ, கூடவே மாறவும் செய், ரெண்டும் சேந்துதான் அந்த தெரபி. கோவம் தலைக்கேறுனா மூஞ்சில சில்லுத்தண்ணி வெக்கிற மாதிரி சின்னச்சின்ன பழக்கம், திரும்பத்திரும்ப, மாசக்கணக்கா. மாத்திரை மட்டும் பத்தாது. கீழ்ப்பாக்கம்னு சொல்லி கிண்டல் பண்றத மொதல்ல நிறுத்துங்க ப்ளீஸ். ராத்திரில பேச ஆள் இல்லன்னா அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் 14416க்கு போன் போடுங்க, ஃப்ரீதான், தமிழ்லயே பேசலாம்.