மாமனார் வீட்டுப் பெயரைத் தேடிப் போனேன்

என் கணவர் வீட்டுப் பெயர் ஷஃபிள்பாட்டம். இங்கிலாந்தில் இதைச் சொன்னால் கேட்பவரின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போகும். ‘பாட்டம்’ என்றால் இன்றைய ஆங்கிலத்தில் பிட்டம். ‘ஷஃபிள்’ என்றால் காலைத் தேய்த்து நடப்பது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? கணவரும் கொழுந்தனாரும் பட்டது போதாதென்று, இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகளும் அழுதுகொண்டே வீடு வந்தாள். அன்றிரவு அத்தை என்னிடம் ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்தார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். அந்தச் சொல் அவருக்கும் பிடித்துவிட்டது. “இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று உன் மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். செய்யாமலே போய்விட்டார். நீ செய்வாயா?” என்றார்.

நான் கோயம்புத்தூர்க்காரி. எங்கள் வீட்டில் குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியல், அவ்வளவுதான். அதனாலேயே எனக்கு இது வியப்பாக இருந்தது: எழுநூறு ஆண்டு ஒரே சொல்லைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்திருக்கிறார்கள், அதற்கு என்ன பொருள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை! பதினான்கு மாதம் பிடித்தது. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

தகரப் பெட்டியில் மாமாவின் பிறப்புச் சான்றிதழ், அவருடைய தாத்தாவின் திருமணச் சான்றிதழ், சில இறுதிச் சடங்கு அட்டைகள், கூடவே சட்டமிட்ட ஒரு குலச்சின்னம். ஏதோ ஒரு கண்காட்சியில் ‘ஷஃபிள்பாட்டம் குடும்பச் சின்னம்’ என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். மாமாவும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். இங்கிலாந்தில் குலச்சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவர் வழி வந்தவர்களுக்கும் உரியது. ஒரு பெயரை வைத்திருக்கும் எல்லோருக்கும் சேர்த்து அப்படி ஒன்று கிடையாது. இதை அத்தையிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது.

வேலையின் முதல் விதி, இன்றிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு தலைமுறையாகப் போக வேண்டும். நடுவில் தாவக் கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1837 ஜூலை 1 முதல். அதன் அட்டவணையை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். ஆண்டை நான்கு காலாண்டுகளாகப் பிரித்திருப்பார்கள். பிறந்து 42 நாளுக்குள் பதிவு செய்தால் போதும் என்பதால், ஜூன் மாதம் பிறந்த குழந்தை செப்டம்பர் காலாண்டில் இருக்கக்கூடும். இது தெரியாமல் ஒரு வாரம் வீணடித்தேன். பிறகு மாமாவின் கொள்ளுத்தாத்தா ஜேம்ஸுக்குச் சான்றிதழ் வரவழைத்தேன். வந்தது வேறொரு ஜேம்ஸ். அரிய பெயர்தானே, ஒரே ஊரில் இரண்டு பேர் இருக்க மாட்டார்கள் என்று நம்பியதுதான் தவறு. அரிய பெயர் ஒரே மண்ணில் குவிந்துகிடக்கும்; அந்த வட்டாரத்துக்குள் அது அரிய பெயரே இல்லை. குழந்தையின் தாய் பிறந்த வீட்டுப் பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். அரசின் புதிய இணைய அட்டவணையில் 1837 முதலே அந்த விவரம் இருக்கிறது.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841 ஏட்டில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள். பிறந்த ஊர் இருக்காது, அதே மாவட்டத்தில் பிறந்தவரா என்பது மட்டுமே இருக்கும். 1851 முதல்தான் பிறந்த ஊரும் குடும்பத்தலைவருக்கு என்ன உறவு என்பதும் கிடைக்கின்றன. அந்த ஏட்டில் ஜேம்ஸின் அக்கா, பத்து வயதுப் பெண், தொழில் என்ற இடத்தில் ‘பீசர்’ என்று பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நூற்பு எந்திரத்தில் அறுந்துபோகும் நூலை ஓடி ஓடி ஒட்டும் பிள்ளை. கோவை ஆலையில் முப்பது ஆண்டு வேலை பார்த்த என் அப்பா அதே வேலையைப் ‘பீசிங்’ என்பார். கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளியில் படித்தபோது அது வெறும் வரி. அசல் மான்செஸ்டருக்குப் பக்கத்தில், போல்டனில் ஒரு பத்து வயதுக் குழந்தை என் அப்பா செய்த வேலையைச் செய்திருக்கிறாள்.

1837க்கு முன்னே போனால் அரசுப் பதிவு கிடையாது, தேவாலயப் பதிவேடுகள்தான். 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவின்படி ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஒவ்வொரு பகுதியிலும், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதத் தொடங்கினார்கள். எங்களுக்கு வேண்டியது போல்டனுக்குப் பக்கத்திலுள்ள பெரி (Bury) என்ற நகரம்; அதன் தேவாலயத்தின் ஏடுகள் 1590 முதல் இருக்கின்றன. இங்கேதான் நான் ஐந்து மாதம் சிக்கிக்கொண்டேன். பெயரைக் கணினியில் ஓர் எழுத்தும் பிசகாமல் தட்டித் தேடினேன். 1790க்கு முன் ஒருவர்கூட இல்லை. குடும்பமே வானத்திலிருந்து குதித்ததுபோல் இருந்தது.

விடை ஒரு திருமணப் பதிவில் இருந்தது. 1754 முதல் இங்கிலாந்தில் மணமக்களும் சாட்சிகளும் ஏட்டில் கையொப்பமிட வேண்டும் என்று சட்டம். மைக்ரோஃபிலிமில் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மணமகனுக்குக் கையெழுத்துத் தெரியாது. ஒரு பெருக்கல் குறி. சற்றே சாய்ந்து, இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் மை தேங்கி ஊறியிருந்தது. பேனாவை அங்கே அழுத்தி நிறுத்தியிருக்கிறார். குறியின் இருபுறமும் குருவானவரின் உதவியாளர் எழுதிய பெயர் ‘ஷப்பிள்பாட்டம்’. கீழே சாட்சியாக நின்ற தம்பிக்கு எழுதத் தெரிந்திருக்கிறது. அவர் தம் கையாலேயே ‘ஷஃபிள்போத்தம்’ என்று போட்டிருக்கிறார். ஒரே பக்கம், கூடப் பிறந்த இருவர், இரண்டு பெயர்!

அப்போதுதான் புரிந்தது. இந்தப் பெயர் எழுத்தில் வாழவில்லை, வாயில் வாழ்ந்திருக்கிறது. சொந்தக்காரருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவர் தம் காதில் விழுந்ததை எழுதினார். இதில் எனக்கென்ன புதுமை? திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் என்றும் தூத்துக்குடியை டூட்டிகொரின் என்றும் எழுதியவர்கள்தானே? நம் ஊர்ப் பெயர்களுக்கு மட்டும் அப்படிச் செய்தார்கள் என்று நினைத்திருந்தேன். தங்கள் ஊர் நெசவாளியின் பெயருக்கும் அதையேதான் செய்திருக்கிறார்கள். என் பெயரில் ஒரு ‘ழ’ இருக்கிறது. இந்த நாட்டில் என் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, அதே கண்ணோடு ஏட்டைத் திறந்தேன்.

எழுத்தைத் தேடுவதை விட்டுவிட்டு ஒலியைத் தேடினேன். முதலில் ‘ஷ’ ஒலிக்குரிய எழுத்து, பிறகு ‘இங்கே எந்த எழுத்தும் வரலாம்’ என்பதற்கான நட்சத்திரக் குறி, பிறகு ‘பாட்’ (ஆங்கிலத்தில் ‘போத்’துக்கும் அதே எழுத்துகள்தான்), மறுபடி நட்சத்திரக் குறி, கடைசியில் ‘ம்’. திரை நிறைந்துவிட்டது. ஷிப்பர்பாட்டம், ஷவல்பாட்டம், ஷூபோத்தம், ஷப்பிள்பாட்டம் என்று வரிசையாக வந்தார்கள். உங்கள் தேடல் முட்டி நின்றால் உதவும் வழி இதுதான்: கண்ணை மூடிக்கொண்டு பெயரைப் பத்து முறை உரக்கச் சொல்லுங்கள், அந்த வட்டாரத்துக் கிழவர் ஒருவரையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், பிறகு எழுதுங்கள்.

இன்னும் இரண்டு இடத்தில் வழுக்கினேன். ஒரு தலைமுறை தேவாலய ஏட்டிலேயே இல்லை. அவர்கள் அரசத் திருச்சபையை விட்டுத் தனிச்சபைக்குப் போயிருந்தார்கள். அத்தகைய சபைகளின் பழைய ஏடுகள் பலவற்றை அரசு வாங்கி வைத்தது. இப்போது லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, படங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம். மற்றொன்று நாள்காட்டி. ஒரு தம்பதிக்கு 1698 ஏப்ரலில் திருமணம், மூத்த மகளுக்கு 1698 பிப்ரவரியில் ஞானஸ்நானம். அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். ஆனால் 1752க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு பிறந்தது மார்ச் 25. ஆகவே அந்த ஏட்டில் ஏப்ரலுக்குப் பத்து மாதம் கழித்துத்தான் அதே ஆண்டின் பிப்ரவரி வருகிறது. நம் கணக்கில் அது 1699. இதைப் புரிந்துகொள்ளாமல் நல்ல குடும்பங்களின் மீது பழி போட்டவர்கள் எத்தனை பேரோ!

ஏடு சேதமாகியிருந்தால் கைவிடாதீர்கள். பங்குக் குருக்கள் ஆண்டுதோறும் ஒரு படி எடுத்து ஆயருக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. போல்டனும் பெரியும் அடங்கிய பழைய லங்காஷயரின் இந்தப் பகுதி அன்று செஸ்டர் ஆயரின் மறைமாவட்டம். அந்தப் படிகள் இன்று பிரெஸ்டனில், லங்காஷயர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மூல ஏட்டில் எலி தின்ற ஒரு வரி, படியில் முழுதாகக் கிடைத்தது. ஏடு லத்தீனில் இருந்தால் பயப்பட வேண்டாம். யாக்கோபுஸ் என்றால் ஜேம்ஸ், ரதுல்ஃபுஸ் என்றால் ரால்ஃப். ஒரு மாலையில் பழகிவிடும்.

பெயர் எங்கெங்கே பரவியது என்று பார்க்க 1881 கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டேன். தன்னார்வலர்கள் உட்கார்ந்து வரி வரியாகப் படியெடுத்த ஏடு அது. அவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன். வரைபடத்தை மேசையில் விரித்து, பெயரின் ஒவ்வொரு எழுத்துருவத்துக்கும் ஒரு நிறப் பென்சில் வைத்துப் புள்ளியிட்டேன். மகளும் கூட உட்கார்ந்தாள். ‘பாட்டம்’ என்று முடிவது பெரும்பாலும் தென் லங்காஷயரில் நின்றது. ‘போத்தம்’ என்று முடிவது தெற்கே செஷயர், ஸ்டாஃபோர்ட்ஷயர் பக்கம் இறங்கியிருந்தது. எல்லாவற்றிலும் அரிதான ஷிப்பர்பாட்டம் போல்டனையும் பெரியையும் விட்டு அசையவே இல்லை. எந்த உருவம் ஊரை விட்டு நகரவில்லையோ அதுதான் ஊருக்குச் சொந்தம் என்று எனக்குப் பட்டது.

அப்படியேதான் இருந்தது. பெயராய்வாளர்கள் இந்த எல்லா உருவங்களையும் பெரி அருகிலுள்ள ஷிப்பர்பாட்டம் என்ற இடத்துக்கே கொண்டுபோகிறார்கள். 1285ஆம் ஆண்டின் நீதிமன்ற ஆவணம் ஒன்றில் அது ‘ஷிப்பெவல்லெபோத்தெம்’ என்று வருகிறது. பழைய ஆங்கிலத்தில் முதல் பகுதி ஆடு. ஷிப்லி என்ற ஊர்ப்பெயரிலும் அதே ஆடுதான். நடுவில் இருப்பது ஊற்று அல்லது ஓடை. கடைசிப் பகுதி பள்ளத்தாக்கின் அடித்தளம். பிட்டம் என்ற பொருள் இந்தப் பெயரில் இல்லவே இல்லை. ஆட்டு ஊற்றுப் பள்ளம்! ஆட்டைக் குளிப்பாட்டும் நீர்த்துறை என்று பொருள் கொள்பவர்களும் உண்டு. நம் ஊரில் யாராவது பள்ளத்தூரார் என்றால் சிரிப்போமா? ராம்ஸ்பாட்டம், லாங்பாட்டம், போல்டனின் ஓக்கன்பாட்டத்திலிருந்து வந்த ஹிக்கின்பாட்டம் எல்லாமே இந்த மலைப்பாங்கான மண்ணின் விலாசங்கள்.

மரபணு பற்றியும் சொல்ல வேண்டும். தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமும் குடும்பப் பெயரும் ஒரே பாதையில் போகின்றன. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் மரபணு ஆய்வாளர்கள் கிங்கும் ஜோப்லிங்கும் 2009இல் 40 குடும்பப் பெயர்களை ஆராய்ந்தார்கள். ஸ்மித் போன்ற பெயர்களில் ஒற்றுமை இல்லை. அரிய பெயர்களில் பெரும்பாலோர் ஒரே மூதாதையின் வழி. கொழுந்தனார் பரிசோதனை செய்துகொள்ள ஆசைப்பட்டார். எங்கேனும் ஒரு தலைமுறையில் தந்தை வேறு என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று அத்தை கேட்டார். மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்பை ஆராய்ந்தபோதே ஆண்வழி ஓரிடத்தில் அறுந்திருந்தது தெரிந்ததே! அத்தை மனது ஒப்பும்வரை பொறுப்போம் என்று விட்டுவிட்டோம். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசாமல் இதில் இறங்காதீர்கள்.

போன ஏப்ரலில் அத்தை, மகள், நான் மூவரும் பெரியிலிருந்து பஸ் பிடித்து ராம்ஸ்பாட்டம் போனோம். எதிரே ஹோல்கம் குன்றின் மேல் பீல் கோபுரம். ஊருக்குள் இர்வெல் ஆறு. ஷிப்பர்பாட்டம் லேன் என்று ஒரு தெருவே இருக்கிறது. மகள் பெயர்ப்பலகையைத் தொட்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அத்தை குடையை மடக்கி என்னிடம் கொடுத்துவிட்டுப் பலகைக்குப் பக்கத்தில் நின்றார். மாமாவின் பழைய தொப்பியைக் கைப்பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு, “இப்போது எடு” என்றார்.

கொழுந்தனாருக்குக் குழந்தை இல்லை. எங்களுக்கு ஒரே மகள். பெயர்கள் எப்படி அற்றுப்போகின்றன என்று 1870களிலேயே ஃபிரான்சிஸ் கால்டன் என்ற அறிவியலாளர் ஒரு கணக்கைக் கேட்டு, வாட்சன் என்ற பாதிரியார் விடை கண்டார். ஆண்வழியில் மட்டும் போகும் பெயர் யாரும் கொல்லாமலே, தற்செயலாகவே மறைந்துவிடலாம் என்பது அந்தக் கணக்கு. இதை வீட்டில் சொன்னேன். மகள் கேட்டுவிட்டுத் தன் பள்ளி நோட்டை எடுத்து வந்தாள். அட்டையில் பெயருக்குக் கீழே பென்சிலால் ஓர் ஆடும் ஒரு ஊற்றும் வரைந்திருந்தாள்.

பரம்பரையில் நான் பிடித்து நிற்பது 1698 திருமணத்தின் மணமகன் ரால்ஃப். அவருடைய தகப்பனாரைத் தேடி, அடுத்த மாதம் பிரெஸ்டனில் இரண்டு நாள் இடம் பதிந்திருக்கிறேன். இந்த முறை அத்தையும் வருகிறார்.