குன்னூர் வீட்டு டிவியில் நிறம் சரிபார்த்த அனுபவம்

புது டிவியில் மலை ரயில் பெட்டியின் நீலம் ஊதாப் பக்கம் சாய்ந்து தெரிந்தது. தேயிலைச் சரிவோ கிளிப்பச்சை. ஜன்னலைத் திறந்தால் எதிரே தெரிகிற அந்த அடர்பச்சை திரையில் இல்லவே இல்லை. நான் எடுத்த படங்களை வீட்டோடு உட்கார்ந்து பார்க்கத்தான் 55 இன்ச் வாங்கினோம். நிறம் சரியாக வராமல் விடுவதில்லை என்று இறங்கிவிட்டேன்.

இந்த வேலைக்குக் கண் போதாது. கொஞ்ச நேரம் எந்த வெள்ளையைப் பார்த்தாலும் அதையே வெள்ளை என்று கண் ஏற்றுக்கொள்ளும். செல்போனில் திரையைப் படமெடுத்துப் பார்ப்பதும் உதவாது. போனே வெள்ளையைத் தன் போக்கில் மாற்றிவிடும். கோவையில் பிரிண்ட் வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் கலரிமீட்டர் (திரையின் நிறத்தை அளக்கும் கருவி) இரவல் வாங்கினேன். அது அளப்பதைக் காட்டுவதற்கு லேப்டாப்பில் ஹெச்.சி.எஃப்.ஆர். என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டேன்.

ஹெச்டி படங்களுக்கு பிடி.709 என்றொரு தரநிலை உண்டு. அதில் வெள்ளை என்பது டி65, ஏறக்குறைய 6,500 கெல்வின். இந்த எண் ஏறினால் வெள்ளை நீலப் பக்கம் சாயும், இறங்கினால் மஞ்சள் பக்கம். படத்தின் நிறத்தை அமைப்பவர்கள் அந்த வெள்ளையை வைத்துத்தான் அமைக்கிறார்கள். நம் டிவி அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை ‘டெல்டா ஈ’ எண் காட்டும். 1க்குக் கீழே என்றால் பொதுவாகக் கண்ணுக்குத் தெரியாது. 3க்குள் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை.

பகலில் அளக்கவில்லை. இங்கே மூட்டம் இறங்கி ஏறுவதற்குள் அறை வெளிச்சமே மாறிவிடுகிறது. ராத்திரி திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். குளிர் காலம் என்பதால் டிவியை அரை மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டு, பேனல் நிதானத்துக்கு வந்த பிறகே மீட்டரைத் தொங்கவிட்டேன். அதன் வயரில் ஒரு எடை இருக்கிறது; அதை டிவிக்குப் பின்பக்கம் தள்ளினால் மீட்டர் திரை நடுவில் ஒட்டினாற்போல் நிற்கும்.

கடையிலிருந்து வந்தபடியே ‘விவிட்’ மோடில் அளந்தபோது வெள்ளை 10,000 கெல்வினைத் தாண்டியது. கடை வெளிச்சத்தில் பத்து டிவிக்கு நடுவே கண்ணை இழுப்பதற்கான அமைப்பு அது. சினிமா மோடுக்கு மாற்றி, கலர் டெம்பரேச்சரை ‘வார்ம் 2’ ஆக்கி, டைனமிக் கான்ட்ராஸ்ட், பவர் சேவிங், அறை வெளிச்ச சென்சார் எல்லாவற்றையும் அணைத்தேன். பாதிக்கு மேல் வேலை அங்கேயே முடிந்துவிட்டது. மீட்டர் கிடைக்காதவர்கள் இதை மட்டும் செய்தாலே நல்ல பலன் தெரியும்.

அடுத்து கருப்பிலிருந்து வெள்ளை வரையுள்ள சாம்பல் நிறப் படிகள். நிறங்களைத் தொடுவதற்கு முன் இதைத்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் சாம்பல் சாய்ந்திருந்தால் மற்ற எல்லா நிறமும் கூடவே சாயும். எங்கள் திரையில் இருட்டான படிகளில் லேசாக ரோஸ் படிந்திருந்தது. 80 சதவீதச் சாம்பலில் கெயினையும் (வெளிச்சமான படிகளுக்கான அமைப்பு), 30 சதவீதத்தில் ஆஃப்செட்டையும் (இருட்டான படிகளுக்கானது) சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒவ்வொரு புள்ளியாக மாற்றினேன். ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும். மேலும் கீழுமாகத் திரும்பத் திரும்பப் போகவேண்டும். பொறுமை வேண்டிய இடம் இதுதான். கடைசியில் பெரும்பாலான படிகளின் டெல்டா ஈ 2க்குள் வந்தது. திரை காட்டும் நிறங்களின் எல்லையை முடிவுசெய்யும் கலர் ஸ்பேஸை ‘ஆட்டோ’வில் வைத்ததுமே பச்சையும் சிவப்பும் அடங்கிவிட்டன.

“ஏஞ்சாமி, படமெல்லாம் மஞ்சளா இருக்குது?” என்றார் அம்மா. நீலம் தூக்கலான திரைக்குப் பழகிய கண் அப்படித்தான் சொல்லும். “ரெண்டு நாள் பாரும்மா, பிடிக்கலைன்னா மாத்திடறேன்” என்றேன். இரண்டாம் நாள் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கொழுந்து பறிக்கும் அக்காக்களின் முகங்கள் முன்பு செக்கச்செவேல் என்று தெரிந்தன. இப்போது வெயிலில் காய்ந்த உண்மையான மாநிறம் தெரிகிறது. எனக்கு அதைவிடப் பெரிய சோதனை வேறில்லை.

என் எண்களை இங்கே தரவில்லை. ஒரே மாடலிலும் பேனலுக்குப் பேனல் வித்தியாசம் இருக்கும். என் கெயின் எண்கள் உங்கள் டிவியைக் கெடுக்கவும் கூடும். ஹெச்.டி.ஆர். (வெளிச்சமும் இருட்டும் கூடுதல் வீச்சில் வரும்) படங்களுக்கு டிவி தனி அமைப்பு வைத்திருக்கிறது, அதைத் தனியாக அளக்கவேண்டும். மாற்றிய ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வையுங்கள். டிவியை ரீசெட் செய்ய நேர்ந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.