ஃபீட்லைன் கேள்விகள்: ஒரு டைபோல் கட்டிப் படியுங்கள்

அமெச்சூர் ரேடியோ உரிமத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஓம் விதியை எளிதில் தாண்டிவிடுகிறார்கள். ரேடியோவையும் ஆண்டெனாவையும் இணைக்கும் ஃபீட்லைன் பகுதிக்கு வந்ததும்தான் தடுமாற்றம். இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குச் சுற்று காட்டும் மொத்த எதிர்ப்பு), எஸ்.டபிள்யூ.ஆர். (கேபிளும் ஆண்டெனாவும் எவ்வளவு பொருந்தவில்லை என்பதன் அளவு), பாலன் (சமநிலையான ஆண்டெனாவைச் சமநிலையற்ற கேபிளோடு இணைக்கும் கருவி) மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதே அதற்குக் காரணம். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஓர் அரையலை டைபோல் (அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி நீளமுள்ள, நடுவில் பிரிந்த கம்பி ஆண்டெனா) கட்டி, நடுவில் கேபிளைப் பொருத்துங்கள். மூன்றும் அந்த ஒரே இணைப்பில் கூடி நிற்பது புரியும்.

மொத்த நீளம் மீட்டரில் 143 வகுத்தல் மெகாஹெர்ட்ஸ். அதாவது சுமார் 20.14 மீட்டர். பக்கத்துக்கு 10.07 மீட்டர் என்றாலும் 10.35 மீட்டராக வெட்டுங்கள். மிஞ்சினால் நறுக்கலாம், குறைந்தால் ஒட்டுப்போட வேண்டும்.

நடு இன்சுலேட்டருக்குக் கெட்டியான பிளாஸ்டிக் துண்டு போதும். கம்பியைத் துளையில் நுழைத்துத் திருப்பி முறுக்கிய பிறகே ஈயம் பற்றவையுங்கள். கோஆக்ஸ், அதாவது நடுக்கம்பியைச் சுற்றி உலோகப் பின்னல் கொண்ட கேபிள்; அதன் நடுக்கம்பி ஒரு பக்கத்துக்கு, வெளிப்பின்னல் மறு பக்கத்துக்கு. கேபிளின் எடை பற்றவைப்பில் தொங்கவே கூடாது. கேபிளை இன்சுலேட்டரில் வளைத்து, இரண்டு இடத்தில் இறுகக் கட்டுங்கள். காற்றில் ஆடி ஆடி முதலில் அறுவது அந்த மெல்லிய பின்னல்தான்.

அடுத்த எதிரி மழை. வெளிப்பின்னல் விளக்குத்திரி மாதிரி நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிரிந்த முனை முழுவதையும் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பால் சுற்றி, அதன் மேல் சாதாரண டேப் போடுங்கள். நனைந்த கேபிளில் இழப்பு கூடும். ஆண்டெனாவிலிருந்து திரும்பி வரும் அலையும் வழியிலேயே தேய்வதால் ரேடியோ பக்கம் எஸ்.டபிள்யூ.ஆர். குறைந்தது போலக் காட்டும். "கேபிள் இழப்பு கூடினால் உள்ளீட்டு முனையில் எஸ்.டபிள்யூ.ஆர். என்னவாகும்?" என்ற கேள்விக்கு விடை இதுதான்.

டைபோல் சமநிலையானது, கோஆக்ஸ் அப்படியல்ல. அதனால் வெளிப்பின்னலின் வெளிப்பரப்பில் மின்னோட்டம் இறங்கி வந்து, கேபிளும் ஆண்டெனாவின் ஒரு பகுதியாகிவிடும். கேபிளைக் கையால் தொட்டதும் மீட்டர் அளவு மாறினால் சந்தேகமே வேண்டாம், அதுதான். 31 அல்லது 43 வகை ஃபெரைட் (காந்தத் தன்மையுள்ள பீங்கான்) வளையத்தில் ஆர்.ஜி. 58 என்ற மெல்லிய கோஆக்ஸ் கேபிளைப் 10 முதல் 12 சுற்று சுற்றினால் 1:1 கரன்ட் பாலன் தயார். அதை இணைப்புக்கு அருகிலேயே வையுங்கள். கேபிள் கம்பிக்குச் செங்குத்தாக இறங்கட்டும்.

ஏற்றுவதற்கு முன் மல்டிமீட்டரால் பாருங்கள். நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது. முனையில் ஊட்டும் அரையலைக் கம்பியின் 49:1 டிரான்ஸ்ஃபார்மரில் மட்டும் ஷார்ட் காட்டினால் பதற வேண்டாம். அதன் சுருள் அமைப்பே அப்படி. அந்த 49 எங்கிருந்து வந்தது? சுற்று விகிதம் 1:7. இம்பீடன்ஸ் அதன் வர்க்கமாக மாறும். 50 ஓம் 2450 ஓம் ஆகிறது. தேர்வில் மிகப் பலர் வர்க்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

மின்கம்பிகளுக்கு எட்டாத தொலைவில் ஏற்றி அளந்தால், எஸ்.டபிள்யூ.ஆர். மிகக் குறைவது 6.9 மெகாஹெர்ட்ஸில் என்று வைத்துக்கொள்வோம். கம்பியின் நீளம் அதிகம் என்று பொருள். 20.7 மீட்டரை 6.9 ஆல் பெருக்கி 7.1 ஆல் வகுத்தால் 20.12. பக்கத்துக்கு 29 செ.மீ. எடுக்க வேண்டும், முதலில் 20 செ.மீ. நறுக்கி மறுபடி அளந்து பாருங்கள். கேபிள் நீளத்தை வெட்டி எஸ்.டபிள்யூ.ஆரைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். வெளிப்பரப்பில் மின்னோட்டம் இல்லாதபோது நீளத்தால் மாறுவது ரேடியோவுக்குத் தெரியும் இம்பீடன்ஸ், பொருத்தமின்மை அல்ல.

பல பட்டைகளில் இயங்க 450 ஓம் ஏணிக்கம்பியும் (இரு கம்பிகள் இணையாக ஓடும் ஃபீட்லைன்) இம்பீடன்ஸைப் பொருத்தித் தரும் ட்யூனரும் நல்லது. உயர்ந்த எஸ்.டபிள்யூ.ஆரிலும் அதில் இழப்பு குறைவு. ஆனால் அதை உலோகத்தை ஒட்டி இழுக்கவோ, மீதியைச் சுருட்டி வைக்கவோ கூடாது.