பதினோரு மாதமா, ஒரு வயதா

2020 ஜனவரியில் தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுக்கான களப்பணி தமிழ்நாட்டில் தொடங்கியபோது, திருவண்ணாமலை மாவட்டத்துக்குச் சென்ற குழு ஒன்றில் நேர்காணல் செய்பவளாக நானும் இருந்தேன். மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 1992-93 முதல் நடத்திவரும் ஆய்வு இது. எங்கள் குழுவில் மேற்பார்வையாளர் ஒருவர், பெண்களிடம் பேச நாங்கள் மூவர், ஆண்களிடம் பேச ஒருவர், உயரமும் எடையும் அளந்து இரத்தம் எடுக்க இருவர், வண்டி ஓட்டுநர் ஒருவர் இருந்தோம்.

நாங்கள் போவதற்கு முன்பே வேறு இருவர் ஊருக்கு வந்து, தெருத்தெருவாக வரைபடம் போட்டு, எல்லா வீடுகளையும் பட்டியலிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அந்தப் பட்டியலிலிருந்து சீரான இடைவெளியில் 22 வீடுகள் தேர்வாகும். "இத்தனை வீடு இருக்க எங்க வீடுதான் கிடைச்சுதா?" என்று கேட்காதவர்கள் குறைவு. பூட்டியிருக்கும் வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்ள அனுமதி கிடையாது என்பதுதான் இந்த வேலையின் முதல் விதி. தொடக்கத்தில் எனக்கு அது வீண் பிடிவாதமாகத் தோன்றியது. ஆனால் பகலில் திறந்திருக்கும் வீடுகளில் மட்டும் கேட்டுக்கொண்டு போனால், செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களும், விடியுமுன் நடவுக்குப் போகும் பெண்களும் கணக்கிலேயே வராமல் போவார்கள் என்பது இரண்டாவது ஊரிலேயே புரிந்துவிட்டது. அவர்களுக்காக ஷிப்ட் பேருந்து வந்து நிற்கும் நேரத்தை விசாரித்து வைத்துக்கொண்டு, இரவு ஏழரைக்கும் எட்டுக்கும் போய்க் காத்திருந்தோம்.

அந்த மாதங்களில் எங்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்து சில வாரங்களே ஆகியிருந்ததால், குடும்ப உறுப்பினர்களின் பெயரையும் வயதையும் கேட்டுச் சிறு மடிக்கணினியில் பதிவு செய்பவர்களைக் கண்டு மக்கள் அஞ்சினார்கள். ஒரு தெருவில் ஆண்கள் கூடி எங்களை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் கேட்டதில் ஒரு தவறும் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். அடையாள அட்டையையும் அமைச்சகக் கடிதத்தையும் காட்டி, விருப்பமில்லாதவர்கள் மறுக்கலாம், எந்தக் கேள்வியையும் விட்டுவிடச் சொல்லலாம் என்று ஒப்புதல் படிவத்தை உரக்கப் படித்துக் காட்டிய பிறகு, ஒரு பாட்டி தன் வீட்டுத் திண்ணையில் எங்களை உட்காரச் சொன்னார். அன்று மாலைக்குள் அத்தெருவில் இரண்டு வீடுகள் தவிர மற்றவை முடிந்தன. அந்த இரண்டும் மறுப்பு என்றே பதிவாயின.

15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுக்கான கேள்விகளில் மிகவும் கடினமானது பிள்ளைப்பேற்று வரலாறு. உயிரோடிருக்கும் குழந்தைகள், வேறிடத்தில் வளரும் குழந்தைகள் என்று கேட்டு முடித்த பின், பிறந்து அழுதோ மூச்சுவிட்டோ பின்னர் இறந்த குழந்தை உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கேள்வியில் தலை குனிவதை நான் பலமுறை பார்த்தேன். இறந்தபோது வயது என்ன என்பதற்கு, ஒரு மாதத்துக்குள் என்றால் நாள் கணக்கு, இரண்டு ஆண்டுகளுக்குள் என்றால் மாதக் கணக்கு, அதற்கு மேல் என்றால்தான் ஆண்டுக் கணக்கு. யாராவது "ஒரு வயசுல" என்று சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளாமல், சரியாக எத்தனை மாதம் என்று மறுபடி கேட்டாக வேண்டும். பன்னிரண்டு மாதம் நிறைவதற்கு முன் நிகழும் சாவுதான் சிசு மரணம் என்பதால், தாய் பொதுவாகச் சொல்லும் "ஒரு வயசு" அந்தக் கணக்கையே மாற்றிவிடும்.

இந்த இடத்தில் குறுக்குவழிகள் உண்டு. குழந்தை ஐந்து வயதுக்கு உட்பட்டது என்றால் கர்ப்ப காலப் பரிசோதனை, தடுப்பூசி, தாய்ப்பால், வயிற்றுப்போக்கு என்று நீண்ட கேள்விகள் திறந்துகொள்ளும். பிறந்த ஆண்டை ஒன்று பின்னுக்குத் தள்ளினால் அத்தனையும் மறைந்துவிடும். உடன் வேலை செய்த ஒருவர் களைப்பில் ஒருநாள் அப்படிச் செய்ததைத் தாய்சேய் நல அட்டையோடு ஒப்பிட்டு மேற்பார்வையாளர் கண்டுபிடித்தார். மறுநாள் அதே வீட்டுக்குத் திரும்பிப் போய், மன்னிப்புக் கேட்டு, முழுவதும் கேட்டோம். அந்தப் பெண்ணின் ஒருநாள் கூலி எங்களால் போயிற்று. அதை ஈடுகட்ட எங்களிடம் ஒன்றும் இல்லாதது இன்றும் உறுத்துகிறது.

விரலில் குத்திப் பார்க்கும் இரத்தப் பரிசோதனைக்கு நாங்கள் எதிர்பார்த்த அளவு எதிர்ப்பு இல்லை. முடிவை உடனே சொல்லிவிடுவதால், கூட்டம் கூடி, தேர்வாகாத வீட்டுக்காரர்களும் "எங்களுக்கும் சர்க்கரை பாருங்க" என்று கையை நீட்டினார்கள். அவர்களை மறுத்து அனுப்புவதுதான் சங்கடமாக இருந்தது. கடுமையான இரத்தசோகை தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு கொடுத்தோம்.

குடும்ப வன்முறை பற்றிய பகுதியைத் தேர்ந்தெடுக்கப்பட்ட வீடுகளில், வீட்டுக்கு ஒரே ஒரு பெண்ணிடம், அதுவும் தனிமை கிடைத்தால் மட்டுமே கேட்கலாம். மாமியாரோ கணவரோ உள்ளே வந்தால் நிறுத்திவிட வேண்டும். ஒரு பெண் மாட்டுக்கொட்டகைக்கு என்னை அழைத்துப்போய், சாணம் அள்ளிக்கொண்டே, தணிந்த குரலில் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். "யாரும் இதெல்லாம் கேட்டதில்ல மேடம்" என்றார்.

2020 மார்ச் 21 அன்று வேலை நின்றது. ஒன்பது மாதங்களுக்குப் பின், டிசம்பர் 21 அன்று, முகக்கவசத்தோடும் கிருமிநாசினிப் புட்டிகளோடும் மீண்டும் தொடங்கியது. முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவருடைய நம்பிக்கையைப் பெறுவது எளிதல்ல என்பது புதிதாகக் கற்ற பாடம்.

2021 பிப்ரவரியில், இரண்டு முறை பூட்டியிருந்த வீட்டுக்கு மூன்றாம் முறையாக இரவில் போனோம். தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த இளம்பெண், அரிசி களைந்துகொண்டே பதில் சொன்னார். 2017இல் பிறந்த மகன் "ஒரு வயசுல போயிட்டான்" என்றார். நான் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அக்கா, சரியா எத்தனை மாசம்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். அவர் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து, ஆடி மூன்றாம் தேதி பிறந்தான், மறு வருடம் ஆனி பத்தாம் தேதி இறந்தான் என்று விரல்விட்டு எண்ணினார். "பிறந்த நாளுக்குத் துணி எடுத்து வச்சிருந்தேன். போடல" என்றார். நான் பதினோரு மாதம் என்று பதிவு செய்தேன். மேலே கேட்கட்டுமா என்று கேட்டதற்கு, கேளுங்கள் என்று தலையசைத்தார்.

அந்த ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டின் முடிவுகள் வெளியாயின. 27,929 வீடுகள், 25,650 பெண்கள். சிசு மரண விகிதம் ஆயிரம் பிறப்புகளுக்கு 18.6 என்றிருந்தது, அதற்கு முந்தைய சுற்றில் 20.2. ஐந்து வயதுக்குட்பட்டோர் மரணம் அதற்கு அடுத்த வரியில். "ஒரு வயசு" என்று எழுதியிருந்தால் அந்தக் குழந்தை அடுத்த வரியில் மட்டும் இருந்திருப்பான். இப்போது இரண்டு வரிகளிலும் இருக்கிறான்.