இறங்கும் வழிக்கு ஒரு பை: ஃப்ளாட் டாப்ஸ் மலையில் எல்க் இறைச்சி சுமந்த கதை

எல்க்கின் பின்னங்காலைத் தூக்கிப் பார்க்காதவர்களுக்கு அதன் எடையைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். கடமானைப் போன்ற, அதைவிட உயரமான மான் அது. பெண் எல்க்கே உயிரோடு 220, 230 கிலோ இருக்கும். தோலை உரித்து, முழங்காலுக்குக் கீழே அறுத்துப் போட்ட பிறகும் எங்களுக்குக் கிடைத்த பின்னங்கால் ஒவ்வொன்றும் 20 கிலோ வந்தது. அதுபோல இரண்டு. அப்புறம் முன்னங்கால்கள், முதுகுச் சதை, கழுத்துக் கறி. எல்லாமாகக் கிட்டத்தட்ட 80 கிலோ. கார் நின்ற இடம் 4 கிலோமீட்டர் கீழே.

போன வருடமும் இதே மலைக்கு இதே அண்ணனோடுதான் வந்தேன். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, இருபது வருடமாக அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வேட்டையாடும் குடும்ப நண்பர். அப்போது என்னிடம் இருந்தது மலையேற்றத்துக்கு வாங்கிய 65 லிட்டர் பை. கூடாரம், உறங்குபை, மூன்று நாள் சாப்பாடு என்றால் அருமையான பை அது. இறைச்சியை வைத்ததும் கதை மாறிவிட்டது. கறி அடியில் போய் உட்கார்ந்து பை பீப்பாய் மாதிரி உப்பியது, எடை முழுவதும் என்னைப் பின்னால் இழுத்தது. சாயாமல் இருக்க முன்னால் குனிந்தே நடந்தேன். ஒரு கிலோமீட்டருக்குள் விரல்கள் மரத்துவிட்டன. பாதி வழியில் பையின் தோள்வாரில் தையல் பிரிந்தது. கயிற்றால் கட்டிக்கொண்டு இறங்கி முடித்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. நான் மெதுவானதால் அண்ணன் எனக்காக ஒவ்வொரு திருப்பத்திலும் குளிரில் நின்றார். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

"தம்பி, பையை ஏறுற வழிக்கு வாங்காத, இறங்குற வழிக்கு வாங்கு" என்றார். இந்த வருடத் தயாரிப்பு முழுக்க அந்த ஒரு பேச்சிலிருந்துதான் தொடங்கியது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃப்ளாட் டாப்ஸ் கொலராடோவின் வடமேற்கில் இருக்கிறது. மாநிலத்தின் மிகப் பெரிய எல்க் கூட்டம் வாழும் பகுதி. 9,600 அடி உயரத்தில் ட்ராப்பர்ஸ் ஏரி. 1919இல் அந்த ஏரியைச் சுற்றிக் கோடை வீடுகளுக்கு இடம் குறித்து வரும்படி வனத்துறை ஆர்தர் கார்ஹார்ட் என்பவரை அனுப்பியது. அவர் போய்ப் பார்த்துவிட்டு, இங்கே எதையும் கட்டாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தார். 1964இல் வந்த வன்காட்டுச் சட்டத்தின் கீழ் 1975இல் இந்த மலை பாதுகாக்கப்பட்டது. அந்தச் சட்டத்தால் இங்கே மோட்டார் மட்டுமல்ல, சக்கரமே உருளக் கூடாது. வேட்டைக்காரர்கள் வேறு இடங்களில் பயன்படுத்தும் இரண்டு சக்கரத் தள்ளுவண்டியும் ஆகாது. குதிரையும், லாமா என்ற சுமை விலங்கும் போகலாம். அவை இல்லாதவருக்குச் சொந்த முதுகுதான்.

கறியைப் பாதி விட்டுவிட்டு வருவதற்கும் வழியில்லை. நான்கு கால்கள், முதுகுச் சதை, உள்சதை எல்லாவற்றையும் எடுத்தே தீர வேண்டும் என்பது கொலராடோ சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் ஒரு உயிரை எடுத்த பிறகு அதன் கறியைக் காட்டில் அழுக விடுவதை என்னால் ஏற்க முடியாது. அதனால்தான் சுமக்கும் கருவியைத் துப்பாக்கிக்கு முன்னால் யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்த முறை ஃப்ரேமும் (சுமையைத் தாங்கும் சட்டகம்) பையும் தனித்தனியாகக் கழலும் வகையை எடுத்தேன். இரண்டுக்கும் நடுவே ஒரு தட்டு விரியும். லோட் ஷெல்ஃப் என்பார்கள். கறி பைக்குள் போகாது, ஃப்ரேமுக்கும் பைக்கும் இடையில், முதுகோடு ஒட்டி உட்காரும். எடை முதுகிலிருந்து ஒரு சாண் தள்ளினாலும் உடம்பு அதற்கு ஈடு கொடுக்கக் குனியும். ஒட்டியிருந்தால் நிமிர்ந்தே நடக்கலாம். பை நேரடியாக எடையைத் தாங்காததால் தையலுக்கும் பயமில்லை.

பழைய பாணி அலுமினியக் குழாய் ஃப்ரேமையும் முதுகில் போட்டுப் பார்த்தேன். 1952இல் டிக் கெல்ட்டி என்ற பை தயாரிப்பாளர் கொண்டுவந்த அமைப்பின் வாரிசு. கறியைக் கட்ட அதைவிடச் சுலபமானது கிடையாது, விலையும் குறைவு. ஆனால் விழுந்து கிடக்கும் மரங்களுக்கு நடுவே புகுந்து போகும்போது குழாய் முனை கிளைகளில் மாட்டும், உலோகம் கிறீச்சிடும். பாதை சுத்தமாக இருந்தால் நான் அதையே வாங்கியிருப்பேன். ஃப்ளாட் டாப்ஸில் வண்டு அரித்துச் செத்த ஸ்ப்ரூஸ் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன.

அளவு விஷயத்தில்தான் போன வருடம் முழுக்கத் தப்பு செய்திருந்தேன். பார்க்க வேண்டியது ஆளின் உயரத்தை அல்ல, முதுகின் நீளத்தை. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரை டேப்பை வைத்து இன்னொருவர் அளக்க வேண்டும். ஃப்ரேம் தோளுக்கு மேலே எழுந்து நிற்க வேண்டும். அப்போதுதான் தோள்வாரிலிருந்து ஃப்ரேமின் உச்சிக்குப் போகும் சின்ன வார் சாய்வாக நின்று, சுமையை முன்னால் இழுத்துப் பிடிக்கும். அந்த வார் படுத்துக் கிடந்தால் எடை தோளிலேயே தொங்கும். இடுப்பு பெல்ட் தொப்புளுக்குக் கீழே சரிந்துவிடாமல் எலும்பின் மேலேயே கவ்வ வேண்டும்.

கடையில் 10 கிலோ மணல் மூட்டையைப் போட்டுக் காட்டினார்கள். அது போதாது. தண்ணீரை மென்மையாக்கப் போடும் உப்பு மூட்டை 18 கிலோ. இரண்டு மாதம், வாரம் மூன்று நாள் அதைக் கட்டிக்கொண்டு படியேறி இறங்கினேன். பெல்ட் முப்பது நிமிடத்தில் வழுக்குகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு அளவு சின்ன பெல்ட்டாக மாற்றினேன்.

மற்ற சாமான்களில் கறிப் பைகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாலிதீன் பையில் சூடான கறியைப் போடவே கூடாது. சூடு வெளியேறாமல் தொடை மூட்டைச் சுற்றிக் கறி கெட்டுவிடும். காற்றுப் போகும், ஈ நுழையாத துணிப் பைதான் சரி. பருத்தி மலிவு, ஆனால் ரத்தத்தை உறிஞ்சிக் கனக்கும், காயாது. நான் செயற்கை இழைப் பைகள் ஐந்து எடுத்துப் போனேன். கூடவே 15 மீட்டர் பாராகார்டு என்ற மெல்லிய கயிறு, ஆளுக்கு இரண்டு ட்ரெக்கிங் போல் (ஊன்றுகோல்), ஹெட்லாம்ப், மாற்று பேட்டரி. பிளேடு மாற்றும் கத்தி ரொம்பக் கூர்மை, ஆனால் மூட்டில் திருகினால் உடையும். அதனால் சாதாரணக் கத்தி ஒன்றும்.

அக்டோபர் கடைசி வாரம். குலுக்கலில் பெண் எல்க்குக்கான அனுமதி கிடைத்திருந்தது. இரண்டாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு, ஒரு புல்வெளியின் ஓரத்தில் அண்ணன் சுட்டார். ஒரே குண்டு. அனுமதிச் சீட்டில் கையெழுத்தும் தேதியும் போட்ட பிறகுதான் கத்தியை எடுத்தோம். வயிற்றைத் திறக்காமல் பக்கவாட்டில் உரித்துக் கால்களைப் பிரித்தோம். முதுகுத்தண்டை அறுக்க வேண்டியதே இல்லை. மான்களின் மூளையைத் தின்னும் சிடபிள்யூடி நோய் இந்த மாநிலத்தில் 1967இல் முதலில் தெரியவந்ததிலிருந்து மூளை, தண்டுவடப் பக்கம் கத்தியைக் கொண்டுபோகாமல் இருப்பதுதான் நல்லது. பெண் விலங்கு என்பதற்கான அடையாளத்தை ஒரு பின்னங்காலோடு ஒட்டியபடியே விட்டோம், அதுவும் சட்டம்.

முதல் நடைக்கு ஆளுக்கொரு பின்னங்கால். எலும்பை எடுத்தால் மூன்று, நான்கு கிலோ குறையும்தான். ஆனால் எலும்போடு இருக்கும் கால் விறைப்பாக நிற்கும், எலும்பில்லாத கறி தண்ணீர் மாதிரி அடியில் வழியும். தட்டில் வைத்து, கனமான பகுதி தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வரும்படி ஏற்றி, வார்களை மாற்றி மாற்றி இறுக்கினேன். உட்கார்ந்தபடியே பெல்ட்டைப் பூட்டி, போலை ஊன்றி எழுந்தேன். சாமானோடு சேர்த்து 28 கிலோ. பெல்ட்டை இன்னொரு இழுப்பு இழுத்ததும் தோள்வாருக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைந்தது. இத்தனை எடையில் தோள் அவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. துணி வழியே கறியின் வெதுவெதுப்பு முதுகில் பட்டது.

"எப்படி இருக்கு?" என்றார் அண்ணன்.

"இடுப்புல நிக்குதுண்ணே."

மீதிக் கறியை, எஞ்சிய உடல் கிடந்த இடத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளி, நிழலில், ஒரு செத்த மரக்கிளையில் தொங்கவிட்டிருந்தோம். இங்கே கருங்கரடிகள் உண்டு. இருட்டில் விழுந்த மரங்களைத் தாண்டும்போது ஒவ்வொரு முறையும் முதலில் உட்கார்ந்து, காலைப் புரட்டிப் போட்டுத்தான் எழுந்தோம். சுமையோடு தாவினால் முழங்கால் போகும். மூன்று மணி நேரத்தில் காருக்கு வந்துவிட்டோம். விரல்கள் மரக்கவில்லை.

காலையில் திரும்பிப் போனபோது அந்த உடலைச் சுற்றிப் பனியில் ஓநாய் போன்ற கொயோட்டியின் தடங்கள், மேலே அண்டங்காக்கைகள். கிளையில் தொங்கிய பைகளை எதுவும் தொடவில்லை. கறி வெளிப்புறம் காய்ந்து, தொட்டால் தோல் மாதிரி இறுகியிருந்தது. கெடாத கறி அப்படித்தான் இருக்கும். ஆளுக்கு 20 கிலோ. முந்தைய நாளை விட லேசு என்றாலும் உதிரிக் கறிப் பை மட்டும் வழியெல்லாம் சரிந்துகொண்டே வந்தது, இரண்டு தடவை இறக்கிக் கட்டினேன். அடுத்த முறை உதிரிக் கறியைச் சின்னச் சின்னப் பைகளாகப் பிரித்துக் கட்டப்போகிறேன். அண்ணனோ பின்னங்காலிலும் எலும்பை எடுத்துவிடலாம் என்கிறார். வீடு வரும்வரை காரில் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம்.