துணை போன வீட்டில் மிஞ்சிய நாய்

02 யூலை 2024, செவ்வாய்

உப்புவெளி. ஒரே முற்றத்தில் வளர்ந்த இரண்டு நாய்களில் மூத்தது சிறுநீரகம் பழுதாகி நேற்றுப் போய்விட்டது. மிஞ்சியது மணி: ஏழு வயது, 12 கிலோ. காலைச் சோற்றை மோந்துவிட்டுக் கேற்றடியில் போய்ப் படுத்துக்கொண்டது. "கவலையில கிடக்குது" என்கிறார்கள் வீட்டார். இருக்கலாம். ஆனால் திருகோணமலையில் ஒரு நாய் சாப்பிடாமல் கிடந்தால் முதலில் தேட வேண்டியது உண்ணியை. கவலை அதற்குப் பிறகு.

காது மடலின் உட்புறம், விரலிடுக்கு, கழுத்துப்பட்டியின் கீழ், முன்னங்கால் கக்கம் எல்லாம் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பிறகு மேலுதட்டைத் தூக்கி முரசை (பல் ஈறை) அழுத்தி விட்டால், வெளுத்த இடம் 2 வினாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். காய்ச்சலுக்கு டிஜிட்டல் தேமாமீற்றரின் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் ஓர் அங்குலம் வைக்கலாம். 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை வழமை. மூக்கைத் தொட்டுக் காய்ச்சல் சொல்வது கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதத்தில் எடுபடாது. எந்த நாயின் மூக்கும் காய்ந்துதான் இருக்கும். சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால் உண்ணிக் காய்ச்சல் என்று எண்ணி அன்றே இரத்தம் சோதிக்க வேண்டும்.

மணிக்கு 38.7. முரசு நல்ல நிறம். உண்ணி இரண்டு, இரண்டும் இடது காதுக்குள். கடித்து இரண்டு கிழமை கழித்தும் காய்ச்சல் வரலாம் என்பதால் தேமாமீற்றரை எடுத்து வைக்கக் கூடாது.

03 யூலை, புதன்

சாப்பாடு. தட்டை நாள் முழுக்க வைத்துவிட்டு "எப்பவாவது தின்னட்டும்" என்று விடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் பிழை. இந்த வெக்கையில் மீன்சோறு ஒரு மணித்தியாலத்தில் புளித்துவிடும். புளித்ததை மோந்த நாய் அடுத்த தட்டையும் நம்பாது. வழமையான நேரத்தில் வைத்து, 20 நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். உப்பு, வெங்காயம், உள்ளி போடாமல் அவித்த சூடை மீனை முள் எடுத்துப் பிசைந்து, அவித்த தண்ணீரோடு இளஞ்சூட்டில் கொடுத்தால் மணம் எழும். வழமையில் கால்வாசி போதும். கையால் ஊட்டுவது முதல் இரண்டொரு வேளைக்குச் சரி. அதற்கு மேல் போனால் கைக்குத்தான் வாய் திறக்கும்.

12 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 600 முதல் 700 மில்லிலீற்றர் தண்ணீர் வேண்டும், வெக்கைக்கு இன்னும் கூட. காலையில் அளந்து ஊற்றி இரவில் மிச்சத்தை அளந்தால் கணக்குத் தெரிந்துவிடும். தண்ணீரும் குடிக்காவிட்டால், அல்லது 48 மணித்தியாலம் ஒன்றுமே தின்னாவிட்டால், காய்ச்சல் இல்லை என்றாலும் மிருக வைத்தியரிடம் போக வேண்டும்.

06 யூலை, சனி

மணி பாதித் தட்டுத் தின்கிறது. ஆனால் செத்த நாயின் சாக்கில்தான் படுக்கிறது. "சாக்கை எரித்துவிடவா?" வேண்டாம். தொற்று நோயில் சாகாவிட்டால் சாக்கு அதே இடத்தில் கிடக்கட்டும். மணம் தானாகவே குறையும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவி அள்ளிவிட்டால் நாய் தேடித் திரிவதுதான் கூடும்.

உடலைக் காட்டியிருக்க வேண்டுமா என்ற கேள்வி எப்போதும் வரும். 2016 இல் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நாய், பூனை வளர்ப்போரிடம் கேட்டு வெளியான ஆய்வில், உடலைப் பார்த்ததற்கும் பார்க்காததற்கும் வேறுபாடு தெரியவில்லை. 2022 இல் இத்தாலியில் 426 பேரிடம் கேட்டதில் 86 வீதமானோர் மிஞ்சிய நாயில் மாற்றம் கண்டதாகச் சொன்னார்கள்: 67 வீதம் கூடுதலாக ஒட்டிக்கொண்டது, 57 வீதம் விளையாட்டுக் குறைந்தது, 32 வீதம் சாப்பாடு குறைந்தது. கேட்டது நாயிடமல்ல, துக்கத்தில் இருந்த மனிதரிடம் என்பதை மறக்கக் கூடாது. அதற்காகத் தள்ளிவிடவும் முடியாது. நான்கில் ஒரு பங்கு நாய்களில் அந்த மாற்றம் ஆறு மாதம் தாண்டியும் இருந்ததாம்.

08 யூலை, திங்கள்

உவர்மலையிலிருந்து ஒருவர் பூனையைப் பற்றிக் கேட்டார். பூனைக்கு நாயின் கணக்கு ஓடாது. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய் நிறைந்து ஈரல் செயலிழக்கும். காது மடலும் முரசும் மஞ்சளாகும். ஆகவே 24 மணித்தியாலமே எல்லை. பனடோல் (பரசிற்றமோல் மாத்திரை) துண்டளவும் கூடாது. பூனைக்கு அது நஞ்சு.

இன்னொரு எச்சரிக்கை. செத்தது விசர் நாயா என்று ஐயம் இருந்தால், அதாவது குணம் மாறி, வீணீர் வடிந்து, கண்டதைக் கடித்து, சில நாளில் செத்திருந்தால், மிஞ்சியதன் "கவலை"யைத் தடவிக் கொடுத்துப் பார்க்கக் கூடாது. அதைத் தனியாகக் கட்டிவிட்டுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடனே அறிவிக்க வேண்டும். செத்ததைப் புதைக்கும் முன்பே அறிவித்தால்தான் தலையை ஐஸில் வைத்து பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பலாம். கடிபட்டவர், எச்சில் பட்டவர் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

13 யூலை, சனி

மணி இப்போது தட்டைக் காலி செய்கிறது. புதிய தொல்லை: வீட்டார் கேற்றைப் பூட்டியதும் ஊளை, கீழ்ப்பலகையில் பிறாண்டல். வாழ்நாளில் தனியே இருந்தறியாத நாய். அதட்டினால் பயம் கூடும். ஊளைக்கு நடுவே ஓடி வந்து கொஞ்சினால் ஊளைக்குப் பலன் உண்டு என்று படித்துக்கொள்ளும். 1 நிமிடம் வெளியே நின்று, அமைதியாக இருக்கும்போதே திரும்ப வேண்டும். பிறகு 3, 5, 10. ஒரு படியில் ஊளையிட்டால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். போகும்போதும் வரும்போதும் ஆரவாரம் வேண்டாம். அந்திநடை மட்டும் ஒரு நாளும் தவறக் கூடாது. இறந்த நாயோடு நடந்து போன அதே தெரு, அதே நேரம்.

20 யூலை, சனி

"ஒரு குட்டி எடுத்து விட்டால் சரியாகாதா?" ஏழு வயது நாய்க்கு, துணை போன கையோடு வரும் குட்டி துணையல்ல, தொந்தரவு. சாப்பாடும் தூக்கமும் பழையபடி ஆகி, தனியே இருக்கப் பழகிய பிறகு யோசிக்கலாம். முதல் சந்திப்பு வீட்டுக்குள் வேண்டாம். கடற்கரையில் காலை வேளையில், இரண்டையும் கட்டி, பத்தடி இடைவெளியில் ஒரே திசையில் நடத்த வேண்டும்.

செத்தது பார்வோ என்ற வைரசு நோயால் என்றால் குட்டிக்கு அந்த முற்றம் ஆகாது. வைரசு மண்ணில் பல மாதம் கிடக்கும். சீமெந்துத் தரையை முதலில் சவர்க்காரத்தால் கழுவி, பிறகு 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் விடலாம். மணல் முற்றத்துக்கு அது போதாது. தடுப்பூசி முழுவதும் போட்டு முடித்த குட்டியைத்தான் அங்கே விட வேண்டும்.

மணியின் நிறை 11.6. வீட்டார் தராசில் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தனியே ஒருமுறை ஏறிக் கழித்த கணக்கு. 10.8க்குக் கீழே, அதாவது பழைய 12 கிலோவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், இறங்கினால் இரத்தச் சோதனை.