ஒரே கணினியில் ஒரு தனிக்குடித்தனம்

ஒரே உறையில் இரண்டு கத்திகள் இருக்க முடியாது என்பதால், என் கணினிக்கு இரண்டு உறைகளாகவே கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். ஏற்கனவே இருந்த வன்தட்டில் விண்டோஸ் பாட்டுக்கு இருக்கட்டும். புதிதாக வாங்கிய இரண்டாவது வன்தட்டில் லினக்ஸ் என்னும் இன்னொரு இயங்குதளத்தைத் தனிக்குடித்தனம் வைத்துவிட்டால், ஒன்றின் வம்புக்கு மற்றொன்று போகாது என்பது என் கணக்கு.

முதல் சோதனை, நிறுவும் திரையிலேயே வந்தது. சிக்கனம் கருதி, பழையதைப் போன்ற அதே மாதிரியை வாங்கியிருந்தேன். உறையில் ஒரு டெராபைட் என்று அச்சிட்டிருந்த இரண்டும், திரையில் ஒரே குரலில் 931.5 என்றன. இதில் எதை அழிப்பது என்று கேட்ட கட்டத்தின் முன், சுட்டியைப் பிடித்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றில் மட்டும் விண்டோஸுக்கே உரிய என்டிஎஃப்எஸ் வகைப் பகிர்வுகள் (வன்தட்டைப் பிரித்த பகுதிகள்) இருந்ததைக் கண்டபின்தான் மூச்சு வந்தது.

நிறுவல் முடிந்து, எந்த இயங்குதளம் வேண்டும் என்று துவக்கத்தில் கேட்கும் கிரப் பட்டியலில் இரண்டு பெயர்களும் அடுத்தடுத்துத் தோன்றின. கடிகாரம் மட்டும் சண்டைக்கு நின்றது. தாய்ப்பலகையில் உள்ள கடிகாரம் உள்ளூர் நேரத்தைச் சொல்வதாக விண்டோஸ் கொள்ளும். லினக்ஸோ அதை உலகப் பொது நேரமாகக் கொண்டு, அதன்படியே திருத்தியும் வைக்கும். விளைவாக, விண்டோஸில் எனக்கு இன்னும் நிறைய நேரம் இருப்பதாகக் காட்டிய ஒரு காலைப்பொழுதில், இணையவழிக் கூட்டம் ஒன்று நான் இல்லாமலேயே தொடங்கி முடிந்திருந்தது. ஒரு வரிக் கட்டளையில் லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு இணங்க வைத்தேன்.

சில மாதங்களுக்குப் பிறகு, இந்த ஏற்பாட்டின் அருமையை நண்பர் ஒருவருக்குக் காட்டும் ஆசை வந்தது. "இதைக் கழற்றிவிட்டாலும் அது தன்பாட்டுக்கு ஓடும், பாருங்கள்" என்று சொல்லி, விண்டோஸ் வன்தட்டின் சாட்டா கேபிளை உருவிவிட்டுக் கணினியை முடுக்கினேன். துவக்குவதற்கு உரிய சாதனம் எதுவும் இல்லை என்றது கறுப்புத் திரை. நண்பர் நாகரிகமானவர், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். இன்றைய கணினிகள் துவங்கும் யூஇஎஃப்ஐ முறையில், இயங்குதளத்தை எழுப்பும் துவக்க நிரல் இஎஃப்ஐ என்னும் சிறிய ஃபேட்32 வகைப் பகிர்வில் இருக்கும். நான் பயன்படுத்திய நிறுவி, லினக்ஸை மட்டும் புது வன்தட்டில் குடியேற்றிவிட்டு, அதன் துவக்க நிரலை விண்டோஸின் இஎஃப்ஐ பகிர்விலேயே கொண்டுபோய் வைத்திருந்தது. துவக்க நிரலை எந்த வன்தட்டில் வைப்பது என்று நிறுவும்போதே அது கேட்டது. நானும் இரண்டாவதைத்தான் காட்டினேன். கேட்டது மரியாதைக்காக மட்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தனிக்குடித்தனம் போன பிள்ளையின் வீட்டுச் சாவி, இத்தனை நாளும் பெரிய வீட்டு ஆணியில் தொங்கியிருக்கிறது.

விண்டோஸ் வன்தட்டின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு லினக்ஸை மீண்டும் நிறுவுவதுதான் இதற்கு எளிய வழி. கண்ணுக்குத் தெரியாத வன்தட்டில் எந்த நிறுவியாலும் எதையும் எழுத முடியாது. ஆகவே மறுநாள் கேபிளை உருவி, பென் டிரைவைச் செருகினேன். திரையில் ஒரே ஒரு வன்தட்டு, 931.5. இனி யோசிக்க ஒன்றுமில்லை என்று 'முழுவதும் அழி' என்பதன் மேல் சுட்டியைக் கொண்டுபோனபோது, கீழே சிறிய எழுத்தில் என்டிஎஃப்எஸ் என்று இருந்தது. உருவியது வேறு கேபிள்.

அந்தப் பணி ஒருவழியாக முடிந்ததும், இனி இந்தக் குழப்பமே வேண்டாம் என்று, மகளின் நகப்பூச்சைக் கடன் வாங்கி ஒரு வன்தட்டின் மேல் சிவப்பாகவும் மற்றொன்றின் மேல் நீலமாகவும் பொட்டு வைத்தேன். எந்த நிறம் எதற்கு என்பதையும் மறக்காமல் குறித்து வைத்திருக்கிறேன்; அந்தக் குறிப்பு லினக்ஸ் வன்தட்டில் பத்திரமாக இருக்கிறது.